வெல்லத்தின் இடைவேளை

வெல்லத்துக்கு ஆறு வயதானபோது மண்ணீரலில் கட்டி வந்தது. அதைக் கண்டுபிடித்தது மனிதர் யாருமில்லை. சூரமங்கலத்தில் மருந்துக்கடை வாசலில் வைத்திருந்த ஸ்கேன் பெட்டிதான். நாயை உள்ளே விட்டு ஒரு நிமிடம் அசையாமல் பிடித்துக்கொண்டால் போதும், பெட்டி படம் எடுத்து நோயின் பெயரைச் சொல்லிவிடும். சேலத்திலுள்ள எல்லாக் கால்நடை மருத்துவமனைகளுக்கும் அந்தப் படத்தை அனுப்பியும் விடும். குணசீலன் நாயைத் தூக்கிக்கொண்டு கடைப் படியிறங்குவதற்குள் அவர் மனைவி தமயந்தியின் போனில் பதினொரு மருத்துவமனைகள் விலை சொல்லிவிட்டன.

"எதுங்க நல்ல டாக்டர்?" என்றாள் தமயந்தி, திரையைத் தள்ளிக்கொண்டே. "எல்லாருக்குமே நாலரை நட்சத்திரம் போட்டிருக்கு."

"எல்லாருக்கும் நாலரைன்னா யாருக்குமே இல்லைன்னுதான் அர்த்தம்" என்றார் குணசீலன்.

அவர் பேருந்து டிப்போவில் நேரக் காப்பாளர். அவள் பத்திரப் பதிவு அலுவலகத்தில் எழுத்தர். குழந்தை இல்லை. ஆறு வருடங்களுக்கு முன் பணிமனையில், கழுவி நிறுத்தியிருந்த பேருந்தின் அடியில், கைப்பிடி அளவில் ஒரு நாட்டு நாய்க்குட்டி கிடந்தது. அச்சு வெல்லத்தின் நிறம். குணசீலன் அதைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தார். அன்றிலிருந்து அந்த வீட்டில் மூன்று பேர்.

பதினொரு மருத்துவமனைகளும் சொன்ன தொகை ஏறக்குறைய ஒன்றுதான். வேர் வரை போய்க் கட்டியை அழிக்கிற புதிய ஊசி வந்திருந்தது. நான்கு தவணையாகப் போடவேண்டும், போட்டால் பூரண குணம். அதன் விலைக்கு அவர்களுடைய வீட்டில் பாதியை விற்கவேண்டியிருக்கும்.

டிப்போவில் ஒருவர் அரசுக் கால்நடை மருந்தகத்தைச் சொன்னார். போனில் அதன் பெயரே வரவில்லை. அரசாங்கத்துக்கு நட்சத்திரம் கிடையாது. அவர்கள் போனபோது முன்னால் மூன்று ஆடுகளும் ஒரு கன்றுக்குட்டியும் காத்திருந்தன. பினாயில் வாடையும் சாணி வாடையும் கலந்து அடித்தன. டாக்டர் நஸ்ரீனுக்கு முப்பது வயதுக்கு மேல் இருக்காது. முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ் போட்டிருந்தார். ஸ்கேன் படத்தை ஒருமுறை பார்த்துவிட்டுப் போனைத் திருப்பிக் கொடுத்தார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு வெல்லத்தின் வயிற்றை இரண்டு கையாலும் நெடுநேரம் அமுக்கிப் பார்த்தார். வெல்லம் அவர் முழங்கையை நக்கியது.

"எடுத்துடலாங்க" என்றார். "மண்ணீரல் இல்லாம நாய் நல்லாவே இருக்கும். இங்கயே ஆபரேஷன் பண்ணலாம், மருந்துச் செலவு மட்டும்தான். அப்புறம் மாத்திரை. ஆனா கெட்ட கட்டி, திரும்பி வரும். ஒரு வருஷம், அதிகபட்சம் ஒன்றரை வருஷம். அதுவரைக்கும் ஓடும், சாப்பிடும், உங்ககூட இருக்கும். அதுக்கு மேல நான் வாக்குக் கொடுக்கமாட்டேன்."

குணசீலனுக்கு அவரைப் பிடித்துவிட்டது. தமயந்திக்குப் பிடிக்கவில்லை. சுண்ணாம்பு உதிர்ந்த சுவரையும், மேஜை ஓரத்தில் காய்ந்திருந்த ரத்தத்தையும் பார்த்தபடியே நின்றிருந்தாள்.

"எந்த டாக்டர்கிட்ட போனாலும் ஒண்ணு கேளுங்க" என்றார் நஸ்ரீன், அடுத்த ஆளைக் கூப்பிடும் முன். "இது உங்க நாயா இருந்தா என்ன பண்ணுவீங்கன்னு கேளுங்க. பதில் சொல்லத் தயங்கறவங்ககிட்டருந்து எழுந்து வந்துடுங்க."

வீட்டுக்கு வந்ததும் சண்டை வந்தது.

"அந்தம்மா சொன்னது நல்லாத்தானே இருந்துச்சு. ஒன்றரை வருஷம்னா ஒன்றரை வருஷம்" என்றார் குணசீலன்.

"ஒன்றரை வருஷத்துக்காகவா அறுக்கறது? அப்புறம்? திரும்பி வந்து, அது சோறு தின்னாம படுத்துக்கும். நீங்க டூட்டிக்குப் போயிடுவீங்க. நான்தான பக்கத்துல உட்காரணும்?" தமயந்தியின் அம்மா அப்படித்தான் போனாள். பதினான்கு மாதம். கடைசி வரை கூட இருந்தது தமயந்திதான். "இன்னொரு தடவை என்னால முடியாதுங்க."

குணசீலன் எழுந்து போய் வெல்லத்தின் கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றினார்.

அந்த வாரம்தான் 'இடைவேளை' என்ற மையத்தைப் பற்றிய விளம்பரம் அவளுடைய போனில் வந்தது. சங்ககிரி போகும் வழியில், தறிப்பட்டறைகளைத் தாண்டி, ஜன்னலே இல்லாத நீளமான வெள்ளைக் கட்டடம். உள்ளே ஏசிக் குளிர், மெத்தை நாற்காலி, மேஜை மேல் நாய்க்கும் தனியாகத் தண்ணீர்க் கிண்ணம். ஆலோசகரின் பெயர் பிரதிக்ஷா.

"அந்த ஊசி இப்பதான் வந்திருக்கு, அதனாலதான் இந்த விலை" என்றாள். "மூணு வருஷத்துல பாதியாகும். அஞ்சு வருஷத்துல பத்துல ஒரு பங்கு. எல்லா மருந்துக்கும் அப்படித்தான் ஆயிருக்கு. ஆனா கட்டி அதுவரைக்கும் காத்திருக்காதே மேடம். அதனால நாங்க நாயைக் காத்திருக்க வைக்கிறோம்."

"எப்படி?"

"ரத்தத்தை எடுத்துட்டு, குளிர்ந்த திரவம் ஒண்ணை உடம்புல விடுவோம். இதயம் நின்னுடும். ஆனா சாவு இல்லை, உறக்கம். கட்டியும் நின்னுடும், வயசும் நின்னுடும். விலை உங்களுக்குக் கட்டுப்படியாகிற அன்னைக்கு எழுப்பிக்கலாம். மாசக் கட்டணம், உங்க போன் ரீசார்ஜ் அளவுதான்."

குணசீலன் கேட்டார்: "எழுந்திரிக்கும்போது எங்களைத் தெரியுமா அதுக்கு?"

"நல்லாத் தெரியும் சார். அதுக்கு இடையில எதுவுமே நடந்திருக்காது. கண்ணைச் சிமிட்டித் திறக்கற மாதிரி."

"இது உங்க நாயா இருந்தா என்னம்மா பண்ணுவீங்க?"

பிரதிக்ஷா சிரித்தாள். "என்கிட்ட நாய் இல்லைங்க சார். நான் ஹாஸ்டல்ல இருக்கேன்."

அவர் எழுந்து போயிருப்பார். ஆனால் தமயந்தி அதற்குள் பேனாவை எடுத்துவிட்டாள்.

அடுத்த திங்கட்கிழமை காலை வெல்லத்தைக் கொண்டுபோனார்கள். தமயந்தி முன்னறையில் படிவம் நிரப்பினாள். குணசீலன் உள்ளே போய், ஊசி ஏறும்வரை அதன் முன்னங்காலைப் பிடித்துக்கொண்டிருந்தார். பேருந்தில் ஏறியதும், "கண்ணை மூடற வரைக்கும் என்னைத்தான் பாத்துச்சு" என்றார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் பார்க்க அனுமதி உண்டு. பார்ப்பதற்கு ஒன்றுமில்லை. பனி படர்ந்த கண்ணாடி, அதற்குப் பின்னால் எண் ஒட்டிய இழுப்பறை, பச்சை விளக்கு. தமயந்தி இரண்டு முறை போனாள். குணசீலன் ஒரு வாரம்கூட விடவில்லை. இரண்டு பேருந்து மாறிப் போய், பத்து நிமிடம் அந்தக் கண்ணாடி முன்னால் நின்றுவிட்டு வருவார்.

மூன்று வருடத்தில் ஊசியின் விலை பாதியாகவில்லை. "அடுத்த வருடம் நிச்சயம்" என்று தகவல் வந்தது.

அந்த மூன்றாம் வருடம் ஆவணியில் ஒரு செவ்வாய்க்கிழமை. குணசீலன் அன்று விடுப்பில் இருந்தார். தமயந்தி மாலை ஆறு மணிக்கு வீடு திரும்பியபோது பால் பொங்கிக் கரிந்து, அடுப்பு தானாகவே அணைந்திருந்தது. அவர் சமையலறைக்கும் கூடத்துக்கும் நடுவில் கிடந்தார். கை கதவை நோக்கி நீண்டிருந்தது. மூன்று மணி வாக்கில் விழுந்திருக்கவேண்டும் என்றார் வந்து பார்த்த டாக்டர். உடனே யாராவது பார்த்திருந்தால் ஒருவேளை காப்பாற்றியிருக்கலாம் என்றும் சொன்னார். அதை அவர் சொல்லாமலேயே இருந்திருக்கலாம்.

பக்கத்து வீட்டு அம்மாள் அழுதுகொண்டே சொன்னாள்: "சுவத்துக்கு இந்தப் பக்கம்தாங்க உட்கார்ந்திருந்தேன். ஒரு சத்தம்கூடக் கேக்கலையேங்க."

வெல்லம் இருந்திருந்தால் குரைத்திருக்கும். கேஸ்காரர் வந்தாலே தெருவையே கூட்டிவிடுகிற நாய் அது. தமயந்தி இந்த எண்ணத்தை யாரிடமும் சொல்லவில்லை, ஓசூரிலிருந்து வந்து பத்து நாள் தங்கிய தங்கையிடம்கூட. அன்றே ஆபரேஷன் செய்திருந்தாலும் அந்த ஒன்றரை வருடம் எப்போதோ முடிந்திருக்கும், இவர் விழுவதற்கு முன்பே நாயும் போயிருக்கும் என்று தனக்குத்தானே கணக்குச் சொல்லிக்கொண்டாள். ஆனால் அப்படிப் போயிருந்தால், அவர் சும்மா இருந்திருக்கமாட்டார். டிப்போவில் இன்னொரு குட்டியைப் பார்த்துச் சட்டைக்குள் போட்டுக்கொண்டு வந்திருப்பார். வெல்லம் உயிரோடு இருந்ததால்தான் அந்த வீடு நாயில்லாமல் இருந்தது.

அதன்பிறகு அவள் சங்ககிரிக்குப் போகவில்லை. எழுப்பவும் இல்லை. எழுப்பினால் கட்டியும் விழித்துக்கொள்ளும். ஊசிக்குப் பணம் கிடையாது. சில மாதத்தில் அதுவும் போய்விடும், அப்புறம் தனக்கென்று சொல்ல எங்கேயும் எதுவும் இருக்காது. கட்டணம் மட்டும் மாதாமாதம் வங்கியிலிருந்து போய்க்கொண்டிருந்தது.

ஒவ்வொரு மாதமும் ஒன்றாம் தேதி காலை எட்டு மணிக்குப் போனில் ஒரு செய்தி வரும்: 'வெல்லம் நலமாக உறங்குகிறாள்.' அவளுக்குத் தவறாமல் வருகிற செய்தி அது ஒன்றுதான். தங்கை தீபாவளிக்குப் பேசுவாள். அலுவலகத்தில் எல்லா வேலையும் இயந்திரத்துக்குப் போய்விட்டது. அவளை ஒரு தனி அறையில், பழைய பத்திரங்களின் படத்தைச் சரிபார்க்க உட்காரவைத்தார்கள். சில நாள் மாலை, பேருந்தில் சில்லறை கேட்கும்போதுதான் அன்றைக்கு முதல்முறையாக வாய் திறந்து பேசுகிறோம் என்பது அவளுக்கு உறைக்கும். ஒரு ஒன்றாம் தேதி, வந்த செய்திக்கு 'சரி' என்று பதில் போட்டாள். அதைப் படித்ததற்கு அடையாளம் எதுவும் வரவில்லை. இருந்தாலும் அடுத்த மாதமும் போட்டாள்.

எட்டாம் வருடம் செய்தி மாறியது. மின்கட்டணம் தாளமுடியாததால் மையம் மூடப்படுகிறது. இருபது நாளுக்குள் உரிமையாளர்கள் நேரில் வந்து தங்கள் விலங்கைப் பெற்றுக்கொள்ளவேண்டும்.

போகிற அன்று தமயந்தி இஸ்திரி போட்ட புடவை கட்டிக்கொண்டாள். வெள்ளைக் கட்டடத்தில் மெத்தை நாற்காலிகள் இல்லை, ஏசியும் இல்லை. கூடத்தில் ஐம்பது அறுபது பேர் பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் மடியில் பூனைக்கூடை இருந்தது. யாரும் யாரோடும் பேசவில்லை. விலங்குகளை எழுப்புவதற்கு அரசாங்கம் டாக்டர்களை அனுப்பியிருந்தது. தமயந்தியின் எண்ணைக் கூப்பிட்டவர் டாக்டர் நஸ்ரீன். முன்முடி நரைத்திருந்தது. தமயந்திக்கு அவரை உடனே தெரிந்தது. அவருக்கு இவளைத் தெரியவில்லை.

"மொத்தம் எத்தனைங்க இருக்கு உள்ள?" என்று கேட்டாள் தமயந்தி.

"நானூத்திச் சொச்சம்."

"மத்தவங்க எல்லாம் நாளைக்கு வருவாங்களா?"

நஸ்ரீன் கையுறையை மாட்டிக்கொண்டே சொன்னார். "போன் போட்டுப் பாத்தோம். சில பேர் இல்லை. சில பேர் ஊரு மாறிட்டாங்க. ஒருத்தர் எடுத்து, எந்த நாய்னு கேட்டாரு. அவங்க வேற நாய் வாங்கி, அதுவே கிழடாயிடுச்சாம்."

"அப்ப அதையெல்லாம்?"

"எழுப்பமாட்டோம்" என்றார் நஸ்ரீன்.

வெல்லத்தை மேஜை மேல் கிடத்தியிருந்தார்கள். தமயந்தி ஒன்றை யோசித்துப் பார்த்திருக்கவில்லை. வெல்லம் மாறவே இல்லை. அதே மினுக்கு, அதே நிறம், காதோரம், கொண்டுவிட்ட அன்றைக்குச் சொறிந்துகொண்ட கீறல்கூடக் காயாமல் இருந்தது. அவளுடைய கைதான் மாறியிருந்தது. நரம்பு புடைத்த அந்தக் கையை வெல்லத்தின் விலாவில் வைத்துக்கொண்டு நின்றாள். முதலில் குளிர்தான் இருந்தது. ஒரு மணி நேரம் கழித்து உள்ளே ஏதோ ஒன்று இடித்தது. பிறகு மறுபடியும் இடித்தது.

வெல்லம் கண் திறந்தது. தலையைத் தூக்கி அவளைப் பார்த்து வாலை இரண்டு முறை அடித்தது. பிறகு அவளுக்கு இடது பக்கம் பார்த்தது. அன்றைக்குக் குணசீலன் முன்னங்காலைப் பிடித்துக்கொண்டு நின்ற பக்கம் அது. அங்கே ஒரு எஃகு ஸ்டாண்டு இருந்தது. அது வலது பக்கம் பார்த்தது. கதவைப் பார்த்தது.

"யாரைங்க தேடுது?" என்றார் நஸ்ரீன்.

"எங்க வீட்டுக்காரரை."

"வெளிய இருக்காரா? வரச் சொல்லுங்க, நல்லது."

தமயந்தி இல்லையென்று தலையை அசைத்தாள். நஸ்ரீன் இரண்டு கையாலும் நாயின் வயிற்றை அமுக்கிப் பார்த்தார்.

"அந்த ஊசி இப்ப என்ன விலைங்க?" என்றாள் தமயந்தி.

"நாய்க்கு அதை நிறுத்திட்டாங்க. கம்பெனிக்குக் கட்டுப்படியாகலையாம். மனுசங்களுக்கு மட்டும்தான் வருது." வயிற்றிலிருந்து கையை எடுத்தார். "மண்ணீரலை எடுத்துடலாங்க. நம்ம மருந்தகத்துலயே பண்ணலாம். அப்புறம் மாத்திரை. ஒரு வருஷம், அதிகபட்சம் ஒன்றரை வருஷம் நல்லா இருக்கும்."

அதே வார்த்தைகள். எட்டு வருடக் கட்டணத்தில் தமயந்தி வாங்கியது அதே ஒன்றரை வருடத்தைத்தான். "பண்ணிடுங்க" என்றாள்.

ஆபரேஷன் புதன்கிழமை நடந்தது. சுண்ணாம்பு உதிர்ந்த சுவருக்குப் புதிதாக நீலம் அடித்திருந்தார்கள். தமயந்தி பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் ஆட்டுக்காரர் ஒருவர் தன் ஆட்டின் கதை முழுவதையும் அவளிடம் சொன்னார். அவள் குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை வெல்லம் வீட்டுக்கு வந்தது. தையல் வலியோடு அறை அறையாகப் போனது. கட்டிலுக்கு அடியில் பார்த்தது. குளியலறைக் கதவில் மூக்கை வைத்து மூச்சிழுத்தது. பீரோவைத் திறக்கச் சொல்லிக் காலால் பிறாண்டியது. அவருடைய உடைகளை எப்போதோ கோயில் வாசலில் கொடுத்துவிட்டாள். வீட்டில் அவர் வாசனை கொஞ்சம்கூட இல்லாததுதான் அதற்குப் புரியவில்லை. போன வாரம் வரை இருந்தவர் ஒருவரின் வாசனை எப்படி இப்படித் துடைத்துப்போகும்?

மாலை ஆறரைக்கு அது வாசல் கேட்டுக்குப் போய் உட்கார்ந்தது. டிப்போவிலிருந்து அவர் வருகிற நேரம். ஏழாயிற்று, எட்டாயிற்று, வரவில்லை. சோற்றை உள்ளே வைத்துக் கூப்பிட்டாள், திரும்பவில்லை. தட்டைக் கேட்டருகே கொண்டுபோய் வைத்தாள், முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. கடைசியில் தூக்கிக்கொண்டு வந்து கதவைச் சாத்தினாள். மறுநாளும் அப்படியே. மூன்றாம் நாள் மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு அதன் முன்னால் மண்டியிட்டாள். கோபம் வந்தது.

"வரமாட்டாரு" என்றாள். "அவர் இனிமே வரமாட்டாரு வெல்லம். செத்துப்போயிட்டாரு."

ஐந்து வருடமாக அந்த வீட்டில் அவள் வாய்விட்டுச் சொல்லாத வாக்கியம் அது. சொல்லிக் கேட்க யாரும் இருக்கவில்லை. கேட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அவர் இறந்த அன்றுகூட அப்படி அழுததில்லை. வெல்லம் அவள் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தது, கன்னத்தை நக்கியது. பிறகு மறுபடியும் தெருவுக்குத் திரும்பிக்கொண்டது.

அடுத்த நாள் அவள் அதைக் கூப்பிடவில்லை. ஆறரை மணிக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டுவந்து கேட்டருகே போட்டு உட்கார்ந்தாள். தட்டில் தயிர்ச்சோறு பிசைந்து வைத்துக்கொண்டாள். ஏழு மணி வாக்கில், தெருவைப் பார்த்தபடியே, அவள் கையிலிருந்து வெல்லம் இரண்டு வாய் வாங்கிக்கொண்டது. உருண்டைக்குள் மாத்திரை இருந்தது.

பக்கத்து வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்திருந்த மஞ்சரி, உலர்த்திய துணியை எடுக்க வந்தவள் மதில் மேலாக எட்டிப் பார்த்தாள். ஆறு மாதத்தில் இருவரும் பேசியதில்லை.

"யாரையாவது எதிர்பாக்கறீங்களாக்கா? நாலு நாளா ரெண்டு பேரும் வாசல்லயே இருக்கீங்க."

"வீட்டுக்காரர் வர்ற நேரம்" என்றாள் தமயந்தி.

"அப்படிங்களா? நான் சாரைப் பாத்ததே இல்லையே."

"கொஞ்சம் லேட்டாகுது."

மஞ்சரி துணிகளைத் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே போனாள். தெருவிளக்குகள் எரிந்தன. முக்கில் பேருந்து ஒன்று வந்து நின்று, ஆட்களை இறக்கிவிட்டுக் கிளம்பியது. வெல்லம் காதை நிமிர்த்தி எழுந்து நின்றது. தமயந்தியும் எழுந்து நின்றாள்.